கண்ணாடி துடைத்த சால்வை

மூக்குக் கண்ணாடியில் ஒரு விரலடையாளம் பட்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்த காலத்திலேயே இந்தக் குணம் இருந்தது. தராசுத் தட்டில் கொஞ்சம் மா ஒட்டியிருந்தாலும் நிறுக்க விடமாட்டேன். மா மூட்டை, சீனி மூட்டை, மண்ணெண்ணெய்ப் பீப்பா என்று நாள் முழுக்க எண்ணுவதுதான் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பல வருடமாகியும் எண்ணுவது நிற்கவில்லை. முற்றத்துக் கோழிகள், தென்னையில் முற்றிய காய்கள், கரண்ட் கம்பியில் இருக்கும் காகங்கள், மருமகள் சுடும் ரொட்டிகள் எல்லாவற்றையும் எண்ணுவேன். எண்ணி முடித்தால் மனம் கொஞ்சம் அடங்கும். கண்ணாடியையும் காலையில் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து எத்தனை கறை என்று எண்ணிவிட்டுத்தான் போடுவேன்.

அதை மினுக்குவதற்கு என்னிடம் ஒரு முறை இருந்தது. கிணற்றடியில் முகம் கழுவி, சாமியறைக்குள் போய் விளக்கேற்றி, சம்புடத்துத் திருநீற்றை மூன்று விரல்களால் அள்ளி நெற்றியில் பூசுவேன். விரல்களில் மிச்சம் ஒட்டியிருக்கும். அதைக் கண்ணாடியின் இரண்டு பக்கத்திலும் வட்டம் வட்டமாகத் தேய்த்து, தோளில் கிடக்கும் சால்வையின் நுனியால் துடைத்துவிடுவேன். எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் போய்விடும்.

என் வயதுக்காரர் எல்லோரும் சாம்பலோடு வளர்ந்தவர்கள். லாம்பின் கண்ணாடிச் சிமிலியைச் சாம்பல் போட்டு மினுக்கினோம். பித்தளைச் செம்பையும் அப்படியே. சண்டைக் காலத்துத் தடையால் வன்னிக்குள் சவர்க்காரம் வராமல் நின்றுபோன வருடங்களில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். பல்லுக்கும் சட்டிக்கும் சாம்பல்தான். சாம்பலில் மிக நைசானது திருநீறு. ஆகவே மிக நைசான பொருளுக்கு அதுதான் சரி என்று நான் நினைத்ததில் எனக்கு அப்போது ஒரு பிழையும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் என்னிடம் இருந்தது தடித்த, பாரமான கண்ணாடி. பதினொரு இடப்பெயர்வுகளில் அது என் மூக்கிலேயே இருந்தது. திருநீறு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கிணற்றுத் தண்ணீர் போல் தெளிவாக வைத்திருந்தேன். போன வருடம் கதிரையில் கழற்றி வைத்ததை மறந்து அதன் மேல் நானே குந்தி முறித்தேன்.

புதியதை மகன் கிளிநொச்சிக்குக் கூட்டிப்போய் எடுத்துத் தந்தான். கையில் எடுத்தால் எடையே தெரியாது. இப்போது எல்லாம் பிளாஸ்டிக்தான், விழுந்தாலும் உடையாது என்றார்கள். ஒரு சின்னத் துணியும் தந்தார்கள். துடைப்பதைப் பற்றி ஏதோ சொன்னார்கள். எனக்குக் கண்ணாடி துடைக்கச் சொல்லித் தருகிறார்களோ என்ற எண்ணத்தில் நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் துணி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

வீட்டில் நாங்கள் நாலு பேர். நான், மகன், மருமகள், ஒன்றரை வயதுப் பேத்தி. மனைவி இறந்து நாலு வருடமாகிறது. எங்களுடையது மல்லாவிப் பக்கம், குளத்துக்குக் கீழ் வயல் கிடைத்துக் குடாநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மருமகள் முல்லைத்தீவுக் கரைப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர், கிறிஸ்தவர், எங்கள் பேச்சில் வேதக்காரர். மகன் கொஞ்சக் காலம் கரைக்கு ஐஸ் கொண்டுபோகும் லொறி ஓடினான். அந்த ஓட்டத்தில் ஏற்பட்ட தொடர்பு. கலியாணத்துக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. மறுப்புச் சொல்லவில்லை என்பதை வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். மருமகள் சாமியறை வாசலோடு நின்றுவிடுவாள். உள்ளே வராதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

அவளுடைய தகப்பன் கிழமைக்கு ஒருதரம் பஸ்ஸில் மீன் கொடுத்து விடுவார். பாரை, திருக்கை, சில வேளை இறால். வெள்ளிக்கிழமை மரக்கறிக்கென்று அவள் புறம்பாகச் சட்டி வைத்திருந்தாள். மற்ற நாட்களில் நான் பொரித்த துண்டு மூன்று சாப்பிடுவேன், குழம்பு வேறு. சாப்பிட்டு எழும்பிக் கை கழுவிவிட்டுக் கண்ணாடியைப் போட்டால் எல்லாம் மங்கலாக இருக்கும். புதியது வந்து மூன்று நாலு மாதத்தில் அந்த மங்கல் தொடங்கியது. வெயிலில் பார்த்தால் புகை படிந்தது போல் இருந்தது. இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திருநீறு போட்டுத் தேய்த்தேன். அன்றைக்கு நல்லாக இருக்கும். அடுத்த நாள் இன்னும் மங்கும்.

ஒருநாள் காலை அவளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, இஞ்ச வா. இதை ஆர் தொட்டது?"

"நான் தொடேல்ல மாமா. சின்னவள்தான் நேற்று ஒருக்கா இழுத்தவள்."

"இது சின்னவளின்ர கை இல்லை. அவளின்ர விரல் எனக்குத் தெரியாதோ? இது எண்ணெய்க் கை. மீன் எண்ணெய். மணந்து பார்."

அவள் கையை நீட்டி வாங்கவில்லை. நின்ற இடத்திலேயே தன் கைகளைச் சட்டையில் துடைத்தாள். "இனிப் பாத்துக் கொள்ளுறன் மாமா" என்றாள்.

அதன்பின் என் கண்ணாடியை அவள் தொட்டு நான் காணவில்லை. அதற்கு முன்பும் கண்டதில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. மங்கல் மட்டும் குறையவில்லை. நான் கறையை எண்ணுவதையும் நிறுத்தவில்லை. எண்ணிக்கையை விறாந்தையில் இருந்து குசினி அடுப்படிக்குக் கேட்கும்படி சொல்லுவேன். "இண்டைக்கு அஞ்சு." "இண்டைக்கு ஏழு." அவள் எனக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது கையில் தேசிக்காய்ப் புளியின் மணம் வரத் தொடங்கியது. சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்திருக்கிறாளோ என்று பார்த்தேன். சாப்பாட்டுக் கோப்பையில் ஒன்றும் இல்லை.

பின்னேரங்களில் வாய்க்கால் மதகில் நாலைந்து பேர் குந்தியிருந்து கதைப்போம். என்னோடு படித்த ஒருவர், இப்போது பக்கத்து வயல்காரர், வாய் சும்மா இராத மனிதர். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதைக் கண்டால் அவருக்குக் கதை பிறந்துவிடும்.

"என்ன மனேச்சர், பிறகும் துடைக்கிறாய்?"

"வீட்டில எல்லாத்திலயும் மீன் எண்ணெய். கண்ணாடியிலயும் மீன் எண்ணெய்."

"மருமேள் பாரையோட சேத்துக் கண்ணாடியையும் பொரிச்சுப்போட்டாவோ? கவனம், நாளைக்குச் சோத்துக் கோப்பையில உன்ர பல்லுக்கட்டும் பொரிஞ்சு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவர் சிரித்து முடித்துவிட்டு, "கரைச் சனம் எண்டால் அப்பிடித்தானே" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் மதகில் சொன்னது வீட்டுக்கு வர ஒரு பகல் போதும். மகன் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு முன் வந்து எதிரே நின்றான்.

"அப்பா, முல்லைத்தீவு மாமா தன்ர வளவில ஒரு துண்டு காணி தாறன் எண்டவர். சிறுபோக நெல்லு வெட்டினவுடன நாங்கள் அங்க போறம். மாரிக்கு முன்னம் கூரை போட்டிடலாம்."

"வயல்?"

"குத்தகைக்குக் குடுப்பம். நான் வந்து பாப்பன். இவளுக்கு இஞ்ச மூச்சு விடேலாமக் கிடக்கு."

போகவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருக்கலாம். நான் சொன்னது, "போறதெண்டால் போங்கோ, நான் ஆரையும் பிடிச்சு வைச்சிருக்கேல்ல" என்பது. அன்றிரவு படுக்கையில் வீட்டை எண்ணிப் பார்த்தேன். ஐந்து கதவு, ஏழு யன்னல், ஒரு கிழவன். பேத்தி நடக்கத் தொடங்கிய பின் விறாந்தையில் எந்தெந்த இடத்தில் விழுவாள் என்று எனக்குப் பாடம். அவள் அங்கே கடற்கரை மணலில் விழுந்து எழும்புவாள். நான் இங்கே இருந்து எதை எண்ணுவேன் என்று நினைத்தேன். அப்போதும் என் பக்கத்தில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருக்கத் தெரியாத பிள்ளைக்கு இவ்வளவு ரோசமா என்றுதான் தோன்றியது.

கதிர் தள்ளத் தொடங்கிய நாட்களில் பார்வை இன்னும் மோசமானது. ஒருநாள் வரம்பில் போகும்போது தூரத்தில் ஒருவர் வெள்ளைச் சேட்டோடு நிற்பதைக் கண்டு, "எப்ப வந்தனீர்?" என்று கேட்டேன். பதில் இல்லை. கிட்டப் போய், "காது கேக்கேல்லையோ?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அது கிளி விரட்ட வைக்கோலால் கட்டி வைத்த வெருளி. திரும்பிப் பார்த்தால், மகனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த மருமகள் பின்னால் நிற்கிறாள். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைத்தாளோ வேறெதையோ தெரியாது. அன்று மாலை அவளே மகனிடம் சொன்னாள்: "மாமாவைக் கண்ணுக்குக் காட்டோணும். உங்களுக்கு நாளைக்கு வயலுக்குத் தண்ணி பாய்ச்சிற முறையெல்லோ. நான் கூட்டிக்கொண்டு போறன்."

கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று நான் தீர்மானித்திருந்தேன். போகும் வழியெல்லாம் அந்தப் பயம்தான். மாங்குளத்தில் பஸ் மாறினோம். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவள் யன்னலோரம் இருந்தாள். நான் வழியிலிருந்த மதகுகளை எண்ணினேன். பல மதகுகள் தெரியாமலே கடந்திருக்கும்.

கிளிநொச்சிக் கண்ணாடிக் கடையில் ஆறு பேர் எங்களுக்கு முன் இருந்தார்கள். கடை முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கிழவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே கூட்டிப்போய் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார்கள். அவர்களுடைய கண் சோதிக்கும் இரும்புச் சட்டத்தைப் போட்டு வாசித்தபோது கடைசிக்கு முதல் வரிவரை வந்தேன். எனக்கே நம்ப முடியவில்லை.

வெளியே வந்ததும், கவுண்டரில் நின்ற இளம் பெண் என் கண்ணாடியைக் கையில் எடுத்தாள்.

"ஐயா, கண் நல்லாத்தான் கிடக்கு. போன முறை எழுதின அதே இலக்கம்தான். பூவும் இல்லை ஒண்டும் இல்லை. கண்ணாடிதான் போச்சு." அதை ஒரு மேசை விளக்குக்குக் கீழே சரித்துப் பிடித்தாள். "பாருங்கோ."

பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் வட்டம் வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாக, மெல்லிய கீறல்கள். உழுத வயலை மேலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. எண்ண முடியாத அளவு. நான் வாழ்க்கையில் எண்ணாமல் விட்டது அதுதான்.

"என்னத்தால துடைக்கிறனீங்கள்?"

எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. என் மூன்று விரல்களும் எந்த வட்டத்தில் சுற்றுமோ அந்த வட்டம். வாய் திறந்தேன். வெளியே வந்தது இது:

"வீட்டில மருமேள்தான் துடைக்கிறவா."

சொன்ன பிறகு நாக்கை இழுக்க முடியவில்லை. கடைப்பிள்ளை எனக்குப் பின்னால் நின்ற அவளைப் பார்த்தாள்.

"அக்கா, என்ன போட்டுத் தேய்ச்சனீங்கள்? சாம்பல் போட்டுச் சட்டி மினுக்கின மாதிரியெல்லோ கிடக்கு!"

வாங்கில் குந்திக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு மனிசி, "பாவம், மாமனாருக்குக் கண் தெரியக் கூடாதெண்டு ஆக்கும்" என்றாள். அதற்கும் சிரிப்பு. கடைப்பிள்ளை ஊசி போல ஒன்றை எடுத்து, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையிலிருந்த இடுக்கைக் கிண்டினாள். வெள்ளையாகத் தூள் வந்தது. கறுப்பு மேசையில் ஒரு சிட்டிகை குவிந்தது.

"இது என்ன இது?"

நான் நிமிர்ந்தேன். எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் என் நெற்றி. நெற்றியில் மூன்று குறி. பக்கத்துக் கண்ணாடியிலும் மூன்று குறி. அதற்கடுத்ததிலும். ஐந்து கண்ணாடிகள், பதினைந்து வெள்ளைக் கோடுகள். பார்த்தவர்கள் யாருக்கும் அது கேள்விக்குப் பதிலாகத் தெரியவில்லை. எனக்கு அந்தக் கடையில் வேறொன்றும் தெரியவில்லை.

மருமகள் மகளை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"சின்னவளின்ர பவுடர், தங்கச்சி," என்றாள். "மினுங்கும் எண்டு நினைச்சுத் தெரியாமப் போட்டிட்டன்."

"ஐயோ அக்கா! பவுடரும் போடக்கூடாது, சாம்பலும் போடக்கூடாது, உடுத்தின துணியாலயும் துடைக்கக்கூடாது. இது பிளாஸ்டிக். மேல ஒரு பூச்சுக் கிடக்கு. தூசியோட தேய்ச்சால் கீறும். முதல் தண்ணியில பிடியுங்கோ. பிசுக்கெண்டால் ஒரு சொட்டுச் சவர்க்காரத் தண்ணி விரலால தடவிக் கழுவுங்கோ. பிறகு நாங்கள் தாற துணியால ஒத்தி எடுங்கோ. விளங்குதோ?"

"ஓம்."

"போன முறையும் துணி தந்திருப்பமே, அதெங்க?"

"துலைஞ்சு போச்சு."

சின்ன வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லுவதுபோல் அவளுக்குச் சொல்லப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டினாள். நான் பக்கத்தில் சால்வையோடு நின்றேன். அதை மெல்ல உருவிச் சுருட்டிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஆறு பேரில் ஒருவரையும் எனக்குத் தெரியாது, இனிக் காணவும் போவதில்லை. அவர்களுக்கு முன் வெட்கப்படக் கூடாது என்று நான் வாய் மூடி நின்றேன்.

புதுக் கண்ணாடி போட்டுத் தர ஒரு கிழமையாகும் என்றார்கள். அதுவரைக்கும் கீறியதையே போட்டுக்கொண்டு திரும்பினேன்.

மாங்குளத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது, அவள் கச்சான் கடலைச் சுருள் ஒன்று வாங்கி முதலில் எனக்கு நீட்டினாள். பேத்தி என் கைக்குத் தாவி வந்து, வழக்கம்போல் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். கச்சான் தோலும் எச்சிலும் சேர்ந்த ஐந்து விரல். நான் தடுக்கவில்லை. சனம் ஏறி இறங்கும் சத்தத்துக்குள் கேட்டேன்:

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

"வேற என்ன மாமா சொல்லுறது? அவ்வளவு சனத்துக்கு முன்னால."

"உனக்கு எப்ப தெரியும்?"

அவள் ஒரு கச்சானை உடைத்து, மேல் தோலை ஊதிவிட்டு, மகளின் வாயில் வைத்தாள்.

"உங்கட சால்வையை நான்தானே தோய்க்கிறன். ஒரு நுனி மட்டும் எப்பவும் வெள்ளையாக் கிடக்கும். தண்ணியில போட்டால் திருநீறு கரையும். கண்ணாடி வந்த முதல் மாசமே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"சாமித் திருநீறு மாமா. நான் வேதக்காரப் பிள்ளை. அதாலதான் கண்ணாடி பழுதாப் போகுது எண்டு நான் சொன்னால், நீங்கள் அதை என்னெண்டு எடுப்பியளோ?"

எனக்கு அது விளங்கியது. நான் என்னெண்டு எடுத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதை மதகில் எப்படிச் சொல்லப்பட்டிருக்கும் என்றும் தெரியும், சொல்லியிருப்பது நானேதான். என் மருமகள் இவ்வளவு மாதமும் என் வாய்க்குப் பயந்து, செய்யாத பிழைக்குத் தேசிக்காய் போட்டுக் கை தேய்த்திருக்கிறாள். மல்லாவி பஸ் வந்தது. இடம் ஒன்றுதான் இருந்தது. அவளை இருக்கச் சொல்லிவிட்டு நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை ஒரு பெரிய காரியம்போல் நினைத்து நின்றேன் என்பதும் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மகன் பொழுது பட வயலில் இருந்து வந்தான். காலில் சேறு காயவில்லை. படியில் இருந்தபடியே கேட்டான்.

"என்னவாம் அப்பா?"

மருமகள் அடுப்பில் சட்டி வைத்திருந்தாள். குசினியில் மீன் பொரியும் சத்தம்.

"கண்ணில ஒண்டும் இல்லையாம்."

"அப்ப?"

"கண்ணாடி கீறுப்பட்டிட்டுதாம்."

"எப்பிடிக் கீறுப்பட்டது?"

பவுடர் என்ற சொல் எனக்காகவே ஒருத்தி செய்து தந்தது, தயாராக இருந்தது. அதைச் சொன்னால் மகன் மனைவியைப் பார்த்து ஒரு சொல் சொல்லுவான், அவள் தலையாட்டுவாள், விஷயம் முடியும். பிறகு அறுவடை முடிய அவர்கள் போய்விடுவார்கள். நான் சொன்னதெல்லாம் சரியென்றே ஊரில் நிற்கும். குசினியில் அகப்பைச் சத்தம் நின்றிருந்தது. மீன் மட்டும் பொரிந்தது.

"திருநீறு," என்றேன். "நான்தான். ஒவ்வொரு நாளும் திருநீறு போட்டுத் தேய்ச்சனான். கடையில கேக்க, இவள்தான் துடைக்கிறவள் எண்டு சொல்லிப்போட்டன். இவள் அதையும் வாங்கிக்கொண்டு வந்தவள்."

மகன் முதலில் சிரித்துவிட்டான். கண்ணாடிக்குத் திருநீறு என்றால் யாருக்கும் சிரிப்பு வரும்தானே. சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப மீன் எண்ணெய் எண்டு மதகில சொன்னது?"

அவன் சத்தம் போட்டிருந்தால் நல்லாக இருந்திருக்கும். எழும்பிக் கிணற்றடிக்குப் போனான். வாளி இறங்கி ஏறும் சத்தத்தை எண்ணினேன். வழக்கத்தைவிட அதிக வாளி வார்த்தான். மருமகள் வந்து, "சாப்பிட வாங்கோ மாமா" என்றாள். அன்றைக்கு நான் ஒரு துண்டு மீன்தான் எடுத்தேன். அவள் இன்னும் இரண்டை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் பின்னேரம் மதகுக்குப் போனேன். கால் போகவில்லை, போகாவிட்டால் என்றைக்கும் போகமாட்டேன் என்று தெரிந்ததால் போனேன். அன்று சிரித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். குந்தவில்லை, நின்றபடியே சொன்னேன். மருமகள் மேல் நான் சொன்னது முழுக்கப் பொய், பழுதாக்கியது என் கை என்று சொன்னேன்.

பக்கத்து வயல்காரர் விடுவாரா?

"கண்ணாடிக்கும் திருநீறு பூசினனியோ! அதுக்கும் மோட்சம் குடுத்திட்டாய். இனிக் காதுக்குள்ளயும் போடு, நாங்கள் சொல்லுறதாவது கேக்கும்."

"அதுக்கு முதல் பொய் சொன்ன அந்த வாய்க்குப் போடச் சொல்லு" என்றார் இன்னொருவர்.

அவர்கள் சிரித்து முடியும்வரை நின்றேன். கரைச் சனம் என்று சொன்னவர் மட்டும் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தது. அன்று சொல்லாதவன் இன்று எந்த வாயால் சொல்லுவது என்று திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கணக்கு இன்னும் அப்படியே நிற்கிறது.

இந்தக் கதையும் ஒரு பகலில் வீட்டுக்கு வந்தது. பக்கத்து வளவுப் பெண் வேலியடியில் நின்று மோட்சம் கொடுத்த கதையைச் சொல்ல, மருமகள் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் முன்பு கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். ஒருதரமும் ஞாபகம் வரவில்லை.

கிழமை முடிய மகன் புதுக் கண்ணாடியை எடுத்துவந்தான். போட்டதும் முதலில் தெரிந்தது என் சேட்டு. நெஞ்சில் குழம்புக் கறை மூன்று, தோய்த்துத் தோய்த்து மங்கிய பழைய கறை எத்தனையோ. ஒரு வருடமாக இந்தக் கோலத்தில்தான் மற்றவர்களின் விரலை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன். குசினிப் பக்கம் பார்த்தேன். சட்டிகள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. ஒரு கரி கிடையாது.

அறுவடைக்குப் பிறகு போகும் கதையை நான் எடுக்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை என்று இருந்தேன். கதிர் வெட்டி நெல் மூட்டை கட்டிய அன்று மருமகள்தான் தன் தகப்பனோடு போனில் கதைத்தாள். நான் விறாந்தையில் இருக்கிறேன் என்று தெரிந்துதான் கதைத்தாள் என்று நினைக்கிறேன்.

"இந்த மாரிக்கு வேண்டாம் அப்பா. காலபோக நெல்லு வெட்டினாப் பிறகு பாப்பம். ஓம். இல்லை, ஒண்டும் இல்லை. பிறகு பாப்பம்."

இன்னும் ஒரு போகம், அடுத்த அறுவடை வரை. அவ்வளவுதான் கிடைத்திருக்கிறது.

இப்போது கண்ணாடி சாமியறைக்குள் வருவதில்லை. படுக்கப் போகும்போது அதைக் கொண்டுபோய்க் குசினி யன்னல் தட்டில் வைத்துவிடுவேன். அவளிடம் கேட்டுத்தான் அந்த இடத்தை எடுத்தேன். காலையில் திருநீறு பூசி, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, குசினி வாசலில் போய் நின்று, "பிள்ளை, கண்ணாடியை ஒருக்கா எடுத்துத் தா" என்று கேட்பேன். அவள் அதைத் தண்ணீரில் பிடித்து, துணியால் ஒத்தித் தருவாள். வெயிலுக்கு நேரே நான் அதைப் பிடித்துப் பார்ப்பதில்லை. வாங்கி அப்படியே போட்டுக்கொள்வேன்.

நேற்றும் அவள் நீட்டிய கையில் தேசிக்காய் மணந்தது.

"இனித் தேசிக்காய் போடத் தேவையில்லை பிள்ளை," என்றேன். "வேண்டாம்."

"அது பழகிப்போச்சு மாமா," என்றுவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

கண்ணாடி நல்ல தெளிவாக இருந்தது. யன்னல் தட்டில் பிழிந்த தேசிக்காய்ப் பாதிகள் கிடந்தன. எண்ணாமல் வெளியே வந்தேன்.